ஆவணியில் சைக்கிள்... மார்கழியில் மாரத்தான்!

பந்தய சீசனில் இறங்கும் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"ஏங்க... முப்பத்தெட்டு வயசுல ஓட்டப் பந்தயமா? தெருவுல பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"பையன் மட்டும் சைக்கிள் பந்தயத்துக்குப் போகலாம், அப்பன் ஓடக்கூடாதா?"

"அவன் சின்னப் பையன். உங்களுக்கு மூச்சு வாங்குதே, அதச் சொல்றேன்!"

பென்னாகரத்தில் ஒரு வீட்டை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேலை. பையனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதைப் பார்த்த அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அம்மாவுக்கோ பயம். மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் ஒரு சரியான பாதை உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நமக்கும் ஒரு சீசன் உண்டு!

மேல்நாடுகளில் இலை உதிரும் காலம் வந்தால் பந்தயக் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். செப்டம்பரில் பெர்லின், அக்டோபரில் சிகாகோ, நவம்பர் தொடக்கத்தில் நியூயார்க் என்று வரிசையாக மாரத்தான்கள். வெயில் தணிந்து, குளிர் முற்றாத அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் உடம்புக்கு ஏற்றவை என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊரில் இலை உதிர்வதில்லை; மழை பெய்கிறது. ஆனாலும் நமக்கும் ஒரு சீசன் இருக்கிறது. அறிஞர் அண்ணாவின் பிறந்த நாள் செப்டம்பர் 15. அதையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு 15 கி.மீ., சிறுமிகளுக்கு 10 கி.மீ. 15 மற்றும் 17 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் மாணவர்களுக்கு 20 கி.மீ., மாணவிகளுக்கு 15 கி.மீ. இதில் ஒரு நல்ல விதி உண்டு: இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் கலந்துகொள்ள வேண்டும். கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிளுக்கு இடமில்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளோடு வரும் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கலாம்!

2023 முதல் அண்ணா பெயரில் பெரியவர்களுக்கான நெடுந்தூர ஓட்டமும் சேர்ந்துகொண்டது. 17 முதல் 25 வயது வரை ஆண்களுக்கு 8 கி.மீ., அதற்கு மேற்பட்ட வயது ஆண்களுக்கு 10 கி.மீ.; பெண்களுக்கு இரண்டு பிரிவிலும் 5 கி.மீ. ஆக, நம் கதையில் பையனுக்கு 20 கி.மீ. சைக்கிள், அப்பாவுக்கு 10 கி.மீ. ஓட்டம், அம்மா மனசு வைத்தால் அவருக்கும் 5 கி.மீ. ஓட்டம்!

இதற்குப் பிறகு டிசம்பரில் கோவை மாரத்தான், ஜனவரி முதல் வாரத்தில் சென்னை மாரத்தான் என்று சீசன் நீள்கிறது. அங்கே முழு மாரத்தானான 42.195 கி.மீ. மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், 10 கி.மீ., 21 கி.மீ. பிரிவுகளும் உண்டு. சைக்கிள் பிரியர்களுக்கு 'பிரவே' எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள் இருக்கின்றன. 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. முடித்தவர் எல்லோரும் சமம். ஓடி, சைக்கிள் மிதித்து, இறங்கி மறுபடியும் ஓடும் 'டூயத்லான்' போட்டியும் உண்டு. அதன் வழக்கமான அளவு 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. சைக்கிள், மீண்டும் 5 கி.மீ. ஓட்டம்.

ஆவணிக் கடைசியில் தொடங்கி மார்கழியில் முடிகிற இந்த நான்கு மாதமும் உடம்புக்கு ஒரு பரீட்சைதான். படிக்காமல் பரீட்சை எழுதினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே!

இதயம் முந்தும்... எலும்பு பிந்தும்!

சைக்கிள் நன்றாக மிதிப்பவர்கள் "நமக்குத்தான் ஸ்டாமினா இருக்கே" என்று திடீரென ஓட ஆரம்பிப்பார்கள். முதல் வாரம் சுகமாக இருக்கும். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு வலி. ஐந்தாவது வாரம் நொண்டல். ஏன் இப்படி?

பயிற்சி தொடங்கியதும் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைகளும் ஓரளவு சீக்கிரம் தேறும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்பும் மெதுவாகத்தான் உறுதிப்படும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தயாராகாத எலும்பு வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 65 கிலோ எடை உள்ளவருக்கு ஒவ்வோர் அடிக்கும் 130 முதல் 195 கிலோ வரை! சைக்கிளில் இந்த அடி இல்லை. எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் எடை அதிகம் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் சைக்கிளைச் சிபாரிசு செய்கிறார்கள்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எலும்பு பலப்பட அந்த அடி ஓரளவுக்குத் தேவை. சைக்கிள் மட்டுமே மிதிப்பவர்களுக்கு இதயம் பலமாக இருந்தாலும் எலும்புக்கு அந்த லாபம் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டையும் கலந்து செய்வதுதான் புத்திசாலித்தனம். ஓடினால் எலும்புக்கு நல்லது. சைக்கிள் மிதித்தால் மூட்டுக்கு ஓய்வு, இதயத்துக்கு வேலை.

வலியில் இரண்டு வகை உண்டு. தொடை முழுக்க, இரண்டு காலிலும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது பழகாத தசையின் வலி. பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி எலும்பின் மேல் வலித்து, ஓட ஓட அதிகமானால் அது வேறு. எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம்.

பன்னிரண்டு வாரக் கணக்கு

செப்டம்பர் கடைசியில் ஓட்டம் என்றால் ஆனி முடிவதற்குள் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். அதாவது பன்னிரண்டு வாரம் முன்பே.

முதல் நான்கு வாரம்: வாரத்தில் மூன்று நாள் நடையும் ஓட்டமும் கலந்து அரை மணி நேரம். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரண்டு நாள் சைக்கிள். மீதி இரண்டு நாள் ஓய்வு.

அடுத்த நான்கு வாரம்: ஓட்ட நேரத்தைக் கூட்டி, நடையைக் குறைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தூரம் அதிகம். ஐந்து, ஆறு, ஏழு கி.மீ. என்று படிப்படியாக. ஒரு வாரத்தின் மொத்தத் தூரம் அதற்கு முந்தைய வாரத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்த மூன்று வாரம்: வாரத்தில் ஒரு நாள் எட்டு, ஒன்பது கி.மீ. இன்னொரு நாள் சிறிது வேகம்.

கடைசி வாரம்: பாதியாகக் குறைத்துவிடுங்கள். "போட்டி நெருங்குது, இப்பப் போய் ரெஸ்ட்டா?" என்று தோன்றும். படித்ததை மனசில் ஊறவிடுகிற மாதிரிதான் இது. இந்த ஓய்வில்தான் தசைகள் தேறும்.

வேகம் எவ்வளவு? கைக்கடிகாரமோ கருவியோ தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லையா? குறைத்துவிடுங்கள். பயிற்சியில் பெரும்பகுதி இந்தப் 'பேசும் வேக'த்தில்தான் இருக்க வேண்டும்.

டூயத்லான் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடினால் முதல் சில நிமிடங்கள் கால் ஈயக்குண்டு மாதிரி கனக்கும். உட்கார்ந்து சுற்றிய கால் நின்று ஓடுவதற்கு மாற வேண்டுமல்லவா! வாரம் ஒரு முறை சைக்கிள் முடிந்ததும் பத்து நிமிடம் ஓடிப் பழகினால் இது குறைந்துவிடும்.

சீட் உயரம் சரியா?

பிள்ளைகளின் முழங்கால் வலிக்குப் பல நேரம் காரணம் சைக்கிள் சீட்தான். அண்ணன் ஓட்டிய சைக்கிளைத் தம்பி அப்படியே ஓட்டுவான். வாங்கும்போது கடைக்காரர் வைத்த உயரம் இரண்டு வருடம் கழித்தும் மாறியிருக்காது. பையன் மட்டும் அரை அடி வளர்ந்திருப்பான்!

சரிபார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பும் ஆடும்.

ஒகேனக்கல் ரோட்டில் ஜாக்கிரதை!

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையைப் பார்த்தால் சைக்கிள்காரர்களுக்குக் கை பரபரக்கும். நிழல், வளைவு, இறக்கம்! ஆனால் அது யானை நடமாடும் காடு. விடியுமுன்னும் இருட்டிய பிறகும் அங்கே தனியாகப் பயிற்சிக்குப் போவது ஆபத்து. நன்றாக வெளிச்சம் வந்தபின், இரண்டு மூன்று பேராகப் போகலாம். தினசரிப் பயிற்சிக்கு பாப்பாரப்பட்டி பக்கமோ தருமபுரி சாலையிலோ போவது மேல். அங்கும் சாலை ஓரம்தான், எதிரே வரும் வண்டி தெரிகிற நேரத்தில்தான்.

இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு, வளைவுக்கு முன்பே பிடியுங்கள். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். மழை பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் ரொம்ப மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை விட்டால் கீழே விழுவது நிச்சயம். பையனுக்கு ஹெல்மெட் கட்டாயம். "கிட்டத்துலதானம்மா" என்ற சமாதானமெல்லாம் கூடாது.

எந்தத் தண்ணீர்? எவ்வளவு?

இது தருமபுரிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி முடித்து, 2013-ல் திறந்துவைத்தார்கள். காவிரி நீர் வீடுகளுக்கு வர வழி பிறந்தது.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேல் உள்ள நீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு இறுக்கம், முதுகு விறைப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். சாதாரண ஆள் குடிப்பதைவிட ஓடுகிறவர் அதிகம் குடிக்கிறார் அல்லவா? எனவே அவர் உடம்பில் சேரும் புளோரைடும் அதிகம். தோட்டத்து போர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மூட்டு வலியை 'ஓவர் பயிற்சி' என்று நினைத்துக்கொள்பவர்களும் இருக்கலாம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறோம். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மீதியில் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்! சாதாரண கேண்டில் ஃபில்டரும் உதவாது. பயிற்சிக்குப் போகும்போது கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரையோ, ஆர்.ஓ. தண்ணீரையோ வீட்டிலிருந்தே பாட்டிலில் எடுத்துப்போவதுதான் சரி. போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிட்டால் சந்தேகமே இல்லை.

சரி, எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. அந்த அளவை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடு செய்தால் போதும்.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கே இது அதிகம் வந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிருக்கே உலை வைக்கும் நிலை இது. ஆகவே தாகம் எடுத்தால் குடியுங்கள். யாரோ சொன்னார்கள் என்று வயிறு முட்டக் குடிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால், மிதித்தால், உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ நல்லது. வீட்டிலேயே தயாரிக்கலாம்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்கவும்.

கேழ்வரகுக் களி போதுமா?

"ஓட்டக்காரங்கன்னா புரோட்டீன் பவுடர் சாப்பிடணுமாமே?" என்று கேட்கிறவர்கள் அதிகம். பத்து கி.மீ. ஓட்டத்துக்கும் 20 கி.மீ. சைக்கிளுக்கும் அதெல்லாம் அவசியமே இல்லை. நம் அடுப்படியில் இருப்பதே போதும்.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எலும்புக்கு வேலை கொடுக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான நண்பன் யார்? ஆனால் களி மெதுவாகச் செரிக்கும். பந்தயத்துக்கு முதல் நாள் மதியம் சாப்பிடலாம். பந்தயக் காலையில் வேண்டாம். அன்று காலை இரண்டு மணி நேரம் முன்பாக இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமோ போதும். சட்னியில் காரம் குறைவாக இருக்கட்டும். பந்தய நாளில் புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். முடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் கடலை மிட்டாய், அவித்த முட்டை, பயறுச் சுண்டல், தயிர் சாதம் என்று ஏதாவது ஒன்று.

இதே காலத்தில்தான் புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் வருகிறது. விரதம் இருக்கட்டும், அன்றைக்கு நீண்ட ஓட்டம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அசைவம் நிறுத்துகிற மாதத்தில் பருப்பு, பயறு, கடலை, தயிர் ஆகியவற்றைக் கூட்டினால் புரதம் குறையாது.

பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல்! "நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்குது, எனக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று ஒதுங்கும் பல பெண்களுக்குக் குறை உடம்பில் அல்ல, ஹீமோகுளோபினில் இருக்கிறது. பயிற்சி தொடங்கும் முன் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முருங்கைக் கீரை, கம்பு, பேரீச்சை நல்லதுதான். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் அதே சத்து வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சோகை அதிகம் என்றால் கீரை மட்டும் போதாது. டாக்டர் தரும் மாத்திரை வேண்டும்.

காய்ச்சலோடு ஓடாதீர்கள்!

நம் பந்தய சீசனும் டெங்கு சீசனும் ஒன்றாகவே வருகின்றன. மேல்நாட்டு ஓட்டக்காரருக்கு இல்லாத கவலை இது.

வெறும் மூக்கொழுகல், தும்மல் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, வயிற்றுப்போக்கு என்று எது இருந்தாலும் பயிற்சிக்கு விடுமுறை. சில வைரஸ் காய்ச்சல்களில் கிருமி இதயத் தசையையும் பாதிக்கும். அந்த நேரத்தில் உடம்பை வருத்தினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். "மூணு மாசம் பிராக்டீஸ் பண்ணியாச்சே, விட முடியுமா?" என்று காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகிற வேலை வேண்டாம். அடுத்த வருடமும் அண்ணா பிறந்த நாள் வரும். டெங்கு வந்து குணமானவர்கள், டாக்டர் சரி என்று சொன்ன பிறகே மெல்ல நடையிலிருந்து தொடங்க வேண்டும்.

வலி மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை 'முன்ஜாக்கிரதை'யாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் சிலர். வியர்த்து நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

நெஞ்சு சொல்வதைக் கேளுங்கள்

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருவோம். அதை அலட்சியம் செய்யக்கூடாது.

நாற்பதை நெருங்குகிறவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா, டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் சொல்வார். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருதல், காரணமில்லாத படபடப்பு என்று எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுத் தொடர வேண்டாம்.

பக்கத்தில் ஓடுகிறவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் உடனே 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் இரண்டு அங்குல ஆழம், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்ப மயக்கம். நிழலுக்குக் கொண்டுபோய் குளிர்ந்த நீரை உடம்பு முழுக்க ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். சென்னை மேயராக 2006 முதல் 2011 வரை இருந்தவரும், 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கி.மீ. நடைபாதையைத் தேர்ந்தெடுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஓட்டத்துக்கு முதல் படி நடைதான் என்று தயங்குகிறவர்களுக்கு இது நல்ல ஆரம்பம். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் முதல் மாரத்தானை ஓடியது 89 வயதில். 2011 அக்டோபரில் டொரன்டோவில் 42 கி.மீ. தூரத்தையும் முடித்தபோது அவர் வயது நூறு என்று உலகமே வியந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் அவசரப்படவில்லை, முடித்தார்!

பிள்ளைகளை விரட்டாதீர்கள்

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. அண்ணா சைக்கிள் போட்டியில் முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய், பிறகு மூவாயிரம், இரண்டாயிரம். நல்ல ஊக்கம்தான். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிப்பது, குதிகால் வலி எல்லாம் இந்த வயதில் அதிகப் பயிற்சியால் வருபவை. வாரத்தில் இரண்டு நாளாவது பந்தயப் பயிற்சியே இல்லாமல் விளையாட விடுங்கள். எட்டு, ஒன்பது மணி நேரத் தூக்கம் கட்டாயம். வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைகள் மழைக்காலத்தில் கட்டாயம் ஷூ போடட்டும். காலில் கிழித்துக்கொண்டால் டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

மார்கழியில் கடைசிப் பந்தயம் முடிந்ததும் தை பிறந்து இரண்டு வாரம் முழு ஓய்வு. நடை, நீச்சல், வீட்டு வேலை போதும். பிறகு மெல்ல ஆரம்பிக்கலாம்.

நம் பென்னாகரத்து வீட்டில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? டாக்டர் பார்த்து ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஓடலாம், மெதுவா ஓடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாராம்:

"பெண்களுக்கு அஞ்சு கிலோமீட்டர்னு சொன்னீங்களே... அதுக்கு எங்க பேர் கொடுக்கணும்?"